மன அழுத்தத்தைக் குறைத்து இதயத்தைக் காப்பது எப்படி? நாடியில் தொடங்குவோம்

"டென்ஷன் ஆகாதே, இதயத்துக்கு நல்லதில்லை" என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி ஆகாமல் இருப்பது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. என் வழி இது: அழுத்தத்தை முதலில் விரலுக்குத் தட்டுப்படும்படி செய்துகொள்வது.

படி 1: நாடியைப் பிடியுங்கள்

5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கைபேசி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். பிறகு இடது உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இருக்கும் சிறு பள்ளத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குக் குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணைக் குறித்துவையுங்கள்.

படி 2: மூச்சை நீட்டி விடுங்கள்

விரலை எடுக்காமலே, 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். விநாடிக் கணக்கில் எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வருவதையும் விடும்போது இடைவெளி கூடுவதையும் கவனியுங்கள். முதன்முறை இதை உணர்ந்தபோது இதயத்தில் ஏதோ கோளாறு என்றே பயந்துவிட்டேன். கோளாறு இல்லை. மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். வயதானவர்களுக்கு இந்த வேறுபாடு குறைவாகத் தெரியலாம்.

காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள்.

பதற்றத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு ஏறுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. துரத்தும் நாயிடமிருந்து தப்ப இது உதவும். மாதக்கணக்கில் நீளும் கடன் கவலைக்கும் உடல் இதையே செய்வதுதான் சிக்கல். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்போடு தொடர்புடைய முக்கியமான 9 காரணிகளில் மன நெருக்கடியையும் சேர்த்தது. திடீர்த் துயரம் இதயத் தசையையே தற்காலிகமாகத் தளர்த்திவிடுவதும் உண்டு. அப்போது இதயத்தின் இடது கீழறை உப்பிக்கொள்ளும் வடிவம் ஜப்பானிய மீனவர்களின் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போலிருப்பதால், அந்தப் பானையின் பெயரான 'டகோட்சுபோ'வையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள்.

படி 3: எது ஏற்றுகிறது என்று பாருங்கள்

ஒரு வாரம், படபடப்பு வரும்போதெல்லாம் நேரம், காரணம், நாடி எண்ணிக்கை மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் வேலையைவிட அதிகம் இடம் பிடித்தது, இரவு 10 மணிக்கு மேல் வரும் வேலைச் செய்திகள். உங்கள் பட்டியலில் ஒன்றே ஒன்றை எடுத்து அதை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் அதுவே புது டென்ஷன்.

படி 4: நடையும் தூக்கமும்

வாரம் 150 நிமிடம் வேகநடை, இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம். தெரிந்த சங்கதிதான், விரிக்கவில்லை. அழுத்தத்தைத் தணிக்க சிகரெட்டைத் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: நிகோட்டின் துடிப்பை ஏற்றுமே தவிர இறக்காது.

படி 5: ஒரு மாதம் கழித்து அளந்து பாருங்கள்

அதே நேரம், அதே நாற்காலி. பிரஷர் கருவி இருந்தால் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய உயரத்தில் வைத்து, பேசாமல் 2 முறை அளவெடுங்கள். மாற்றம் சிறிதாகவே இருக்கலாம். அதை நம்பி, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.