இந்தியக் கால்பந்து அணியோடு வெளிநாடு போவது எப்படி? முதல்முறை கிளம்புபவர்களுக்கு

இந்திய ஆண்கள் அணி 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. இந்த நிலைமையில் கைக்காசைச் செலவழித்து வெளிநாடு போய் ஆட்டம் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இப்போதுதான் போக வேண்டும். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை 5-0 என்று அடித்த ஆட்டத்துக்கு மூவாயிரம் பேர்கூட வரவில்லை; திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று அப்போதைய கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கேட்டுக்கொண்ட பிறகு, அடுத்து வந்த கென்யா ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. உள்ளூரிலேயே கூட்டம் அவ்வளவு முக்கியம் என்றால், வெளிநாட்டு மைதானத்தின் ஒரு மூலையில் நீலச் சட்டைக்காரர்கள் நாற்பது பேர் நின்று கத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, இதுவரை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

தேசிய அணிகள் நினைத்த நாளில் விளையாட முடியாது. கிளப்புகள் வீரர்களை விட்டாக வேண்டிய நாட்களை ஃபிஃபா முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது: மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். 2026 முதல் செப்டம்பரும் அக்டோபரும் சேர்ந்து ஒரே நீண்ட இடைவெளி ஆகிவிட்டது. இந்த நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டு ஆபீஸில் லீவுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள், எதிரணி யார் என்பது அப்புறம் தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரணியின் நாடுதான் ஆட்டம் நடக்கும் இடம் என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஆப்கானிஸ்தானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் 2019-ல் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் நடந்தது, 2024-ல் சவூதியின் அபாவில் நடந்தது. மைதானத்தின் பெயரோடு அறிவிப்பு வரும்வரை விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், அப்படியே கட்டினாலும் தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள்.

படி 2: முதல் பயணத்துக்குப் பக்கத்து ஊர்

ஆட்டத்தின் முக்கியத்துவத்தைப் பார்த்து முதல் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், விசாவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காத்மாண்டுவில் ஆட்டம் என்றால் விசாவே வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். மாலத்தீவில் இறங்கியதும் விசா இலவசமாகத் தருகிறார்கள். மலேசியா 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு விசா இல்லாத அனுமதி கொடுத்திருக்கிறது, கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகைப் படிவம் நிரப்பினால் போதும். சிங்கப்பூருக்கு அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலமாக இ-விசா எடுக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புபவர்களுக்கு சிங்கப்பூரும் கோலாலம்பூரும்தான் சிறந்த தொடக்கம் என்பேன். சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேரம், திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. இரண்டு ஊரிலும் பெரிய மைதானத்தின் வாசலிலேயே ரயில் நிற்கும்: சிங்கப்பூரில் ஸ்டேடியம் நிலையம், கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் நிலையம். ஆட்டத்தன்று காலையில் போய் இறங்குவது வேண்டாம், முந்தின நாளே போய்விடுங்கள்.

படி 3: டிக்கெட்டை எந்தப் பக்கம் எடுப்பது

முதல்முறை போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். தகுதிச் சுற்று, நட்பு ஆட்டங்களுக்கு டிக்கெட் விற்பது போட்டியை நடத்தும் நாட்டின் கால்பந்துச் சங்கம். ஆசியக் கோப்பை போன்ற தொடர்களுக்குத் தனித் தளம் திறப்பார்கள். விலை பெரும்பாலும் பயமுறுத்தாது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் டிக்கெட் 25 ரியாலில் தொடங்கியது. நடு வரிசையில் நல்ல இருக்கையாகப் பார்த்து வாங்கத்தான் கை போகும். வாங்காதீர்கள். அங்கே சுற்றிலும் எதிரணி ரசிகர்கள் இருப்பார்கள், நீங்கள் எழுந்து நின்று கத்தவும் முடியாது. வெளியணி ரசிகர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதி கோல் கம்பத்துக்குப் பின்னாலோ மூலையிலோ இருக்கும், அது எந்தப் பகுதி என்று பார்த்து அங்கேயே எடுங்கள்.

எது என்று தெரியவில்லை என்றால் ப்ளூ பில்கிரிம்ஸைக் கேளுங்கள். 2017-ல் தொடங்கிய இந்திய அணியின் ரசிகர் கூட்டம் அது. அந்தந்த ஊரில் வேலை பார்க்கும் இந்தியர்களோடு அவர்களுக்குத் தொடர்பு இருக்கிறது. சமூக ஊடகத்தில் ஒரு செய்தி போட்டு, இந்தத் தேதியில் வருகிறேன், தனியாக வருகிறேன் என்று சொன்னால் போதும், உட்கார இடமும் பேச ஆளும் கிடைத்துவிடும்.

படி 4: பையில் என்ன

ஜெர்சி, மடித்த கொடி, போனில் டிக்கெட், அதற்கு ஒரு பவர் பேங்க். கொடிக்குக் கம்பு வேண்டாம், வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். மேளத்துக்கும் பெரிய பேனருக்கும் முன் அனுமதி தேவைப்படும், அதை ரசிகர் கூட்டத்திடம் விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் என்றால் சூயிங்கமும் இ-சிகரெட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். கத்தார், சவூதி பக்கம் மதுவைக் கொண்டுபோகவே கூடாது.

படி 5: ஆட்ட நாள்

ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்னால் மைதானத்தில் இருங்கள். எல்லா மைதானமும் ரயில் பாதையில் இல்லை: தோஹாவில் அகமது பின் அலி மைதானத்துக்கு மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், 2024 ஆசியக் கோப்பையில் நம் சிரியா ஆட்டம் நடந்த அல் பைத் மைதானம் ஊருக்கு வெகு வெளியே, மெட்ரோவை விட்டு பஸ் பிடிக்க வேண்டும். அந்தத் தொடரில் மூன்று ஆட்டத்திலும் தோற்றோம், ஒரு கோல்கூட அடிக்கவில்லை, ஆனாலும் அரங்கில் நம்மவர் கூட்டம் குறையவில்லை.

இறுதி விசில்வரை கிளம்பாதீர்கள், இதை நான் கெஞ்சியே சொல்வேன். 2025 அக்டோபர் 9, சிங்கப்பூர் தேசிய அரங்கம், 2027 ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் இக்ஸான் ஃபாண்டி அடித்த கோலில் பின்தங்கினோம், இடைவேளை முடிந்து வந்ததுமே சந்தேஷ் ஜிங்கனுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. பத்துப் பேரோடு மிச்ச நேரம் முழுக்க ஓடினார்கள். 90-வது நிமிடத்தில் சிங்கப்பூர் தடுப்பாட்டம் சறுக்கிய பந்தை ரஹீம் அலி எட்டிப் பிடித்து வலைக்குள் தள்ளினார், 1-1. ஐந்தாவது நாள் கோவாவில் அதே அணியிடம் 1-2 என்று தோற்று வெளியேறினோம், உண்மைதான். அதனால் அந்த 90-வது நிமிடம் இல்லை என்றாகிவிடாது.

எதிர்ப்பக்கத்து ரசிகர்களோடு வம்பு வேண்டாம். சிங்கப்பூரில் சிவப்புச் சட்டை போட்டு உங்களைக் கிண்டல் செய்கிறவர் நல்ல தமிழில் பேசுகிறவராகவே இருக்கலாம், ஆட்டம் முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் சேர்ந்து சாப்பிடலாம்.

பெண்கள் அணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போனார்கள், இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அந்த ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பது இன்னும் சுலபம், நம் குரல் தேவைப்படுவதும் அங்கேதான் அதிகம்.

ஆட்டம் முடிந்ததும் வாசலை நோக்கி ஓட வேண்டாம். வீரர்கள் நம் பக்கம் வந்து கைதட்டுவார்கள், தலைக்கு மேலே கையைத் தூக்கி அவர்களோடு சேர்ந்து தட்டிவிட்டுக் கிளம்புங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் மைதானத்துக்குள் நுழையும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.