மயில்துத்தம் கரைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிக்கும் மிளகுக்கும் மழைக்கு முன் போர்டோ கலவை (பூஞ்சை நோயைத் தடுக்கும் மருந்து) அடிப்பது வழக்கம். அதில் சேரும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். கையுறையைவிடக் கண்ணாடிதான் முதலில் வேண்டும். தூளாக்கும்போது முகக்கவசமும் அவசியம்.

1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் டிரம்மில் கரையுங்கள். இரும்பு, தகர வாளி கூடவே கூடாது. துத்தம் அவற்றை அரித்துவிடும், மருந்தும் வீணாகும். கல் சுண்ணாம்பு என்றால் நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், எட்டி நில்லுங்கள். ஆறிய சுண்ணாம்புப் பாலில் துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கலவை திரியும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும்; இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். அன்றே அடித்து முடியுங்கள்.

கழுவிய தண்ணீரை ஓடையிலோ ஏரியிலோ விடாதீர்கள், மீன் செத்துவிடும்.

நீலக் கல்லாக இருக்கும் துத்தம் குழந்தைகளுக்கு மிட்டாய்போலத் தெரியும். பூட்டி வையுங்கள், குளிர்பான பாட்டிலில் கரைசலை ஊற்றி வைக்காதீர்கள். யாராவது விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே 108-ஐ அழையுங்கள். பாக்கெட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்த அணுக்கள் சிதைவதும் சிறுநீரகம் பழுதாவதும் ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம், எனவே வாந்தி நின்றதும் வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு, மலையிறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.