ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் குவெரி வேகத்தைக் கண்காணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் புரொடக்‌ஷன் மெஷினில் டேட்டாபேஸ் மானிட்டரை, அதாவது ஓடும் குவெரிகளை (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளைகளை) ஒரு கோப்பில் பதிவு செய்யும் கருவியைத் தொடங்கப் போனான். ஜாப் (சிஸ்டத்தில் ஓடும் ஒரு வேலை) என்ற இடத்தில் ‘ஆல்’ என்று அடித்திருந்தான். என்டர் தட்டுவதற்குள் நிறுத்திவிட்டேன். “எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கிட்டா அப்புறம் தேடிக்கலாம்ல அண்ணா?” என்றான். பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடு, தேவையான காலம்களை மட்டும் எடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா ஜாப்களுக்கும் மானிட்டர்

அன்று மாதக் கடைசி. ஆர்டர் ஸ்கிரீன் திறக்கவே நேரமாகிறது என்று கிளையன்ட்டிடமிருந்து போன் மேல் போன். காலை பத்து மணிக்கு எல்லா ஜாப்களுக்கும் மானிட்டரைப் போட்டேன். மதியம் வேறொரு பிரச்சினை வந்தது, இதை மறந்துவிட்டேன். மாலையில் சைன் ஆஃப் செய்து வீட்டுக்கும் போய்விட்டேன். எல்லா ஜாப்களுக்குமாகத் தொடங்கிய மானிட்டர், தொடங்கியவர் வெளியேறினாலும் நிற்காது. முடிக்கும் கட்டளையிலும் ‘ஆல்’ என்றே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் ஜாபை மட்டும்தான் பார்க்கும்.

இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும் பின்னணி வேலைகள்) ஓடியது. ஓடிய ஒவ்வொரு எஸ்க்யூஎல் குவெரிக்கும் பல வரிகள் மானிட்டரின் கோப்பில் ஏறின. டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டி, ஆபரேட்டருக்கு எச்சரிக்கை போய், என்னை எழுப்பினார்கள். பதற்றத்தில் மானிட்டரை நிறுத்தாமலே அந்தக் கோப்பில் குவெரி ஓட்டிப் பார்த்தேன். என் குவெரிகளும் அதே கோப்பில் பதிவாகிக்கொண்டிருந்தன.

கடைசியில் பேட்சையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் பில்கள் தாமதம். இவ்வளவு சேர்த்தும் ஆர்டர் ஸ்கிரீன் பற்றி அதிலிருந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அதனால்தான்.

விடை பிளான் கேஷில் (ஓடிய குவெரிகளை எப்படி ஓட்டுவது என்ற திட்டங்களைச் சிஸ்டம் சேர்த்து வைக்கும் இடம்) இருந்தது. அதை யாரும் தொடங்கத் தேவையில்லை, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தியதும் முதல் வரியிலேயே அந்தக் குவெரி நின்றது. எட்டு இலக்க எண்ணாக வைத்திருந்த தேதியை யாரோ சப்ஸ்ட்ரிங் போட்டு (ஒரு பகுதியை மட்டும் வெட்டி) மாதத்தைப் பிரித்து ஒப்பிட்டிருந்தார்கள். இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. மாதத்தின் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் என்று மாற்றினோம், சரியாகிவிட்டது.

மானிட்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு ஜாப், ஒரு யூசர் அல்லது ஒரு கோப்பு என்று சுருக்கிப் போடுங்கள். ரன் டைம் த்ரெஷோல்டு (இவ்வளவு நேரத்துக்கு மேல் போகும் குவெரியை மட்டும் பிடி) என்ற வடிகட்டியும் உண்டு. ஆனால் அது பார்ப்பது ஆப்டிமைசர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) கணித்த நேரத்தை. கணிப்பு தப்பாகிப்போன குவெரி அதில் சிக்காமல் போகலாம். பெரும்பாலும் நாம் தேடுவது அதைத்தான்.

ஐபிஎல் (சிஸ்டத்தை மறுதொடக்கம் செய்வது) முடிந்த கையோடு அளப்பது

பிளான் கேஷ் காலியாக இருக்கும், சிஸ்டம் தானாகக் கட்டிய தற்காலிக இன்டெக்ஸ்களும் போயிருக்கும். ஞாயிறு ஐபிஎல் என்றால் திங்கள் காலை மந்தம் இதனாலும் இருக்கலாம். ஐபிஎல்லுக்கு முன்பே பிளான் கேஷை ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்.

இன்டெக்ஸ் அட்வைசர் (எந்த இன்டெக்ஸ் தேவை என்று சிஸ்டம் தரும் பரிந்துரைப் பட்டியல்) சொன்னதையெல்லாம் கட்டுவது

ஒவ்வொரு இன்டெக்ஸும் இன்சர்ட்டுக்கு ஒரு சுமை. எத்தனை முறை பரிந்துரைத்தது, கடைசியாக எப்போது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஆர்பிஜி (ஏஎஸ்/400-ல் பரவலாகப் பயன்படும் புரோகிராமிங் மொழி) ரீடுகளை இங்கே தேடுவது

எஸ்க்யூஎல் இல்லாமல் கோப்பை நேரடியாக ரெக்கார்டு ரெக்கார்டாகப் படிக்கும் புரோகிராம் பிளான் கேஷிலும் வராது, மானிட்டரிலும் வராது.