கிரிஸ்டல் மவுத்பீஸுக்கு எந்த லிகேச்சர்?

கிளாரினெட்டுக்குப் புதிதாகக் கிரிஸ்டல் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி) வாங்கியதும், பழைய எபோனைட் (கடின ரப்பர்) மவுத்பீஸில் இருந்த லிகேச்சரை (ஒலி எழுப்பும் நாணல் தகட்டைப் பிடித்திருக்கும் வளையம்) கழற்றி அப்படியே மாட்டத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். பாட்டின் நடுவே ரீட் (அந்த நாணல் தகடு) பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. கிரிஸ்டல் என்பது கண்ணாடி. வழுவழுப்பானது, கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. அதனால் ஒலியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் பிடிமானத்தைப் பாருங்கள்.

படி 1: அளவு. மவுத்பீஸின் பருமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ரீடையும் வைத்தே மாட்டிப் பாருங்கள். திருகுகளை முழுக்க இறுக்கியும் லிகேச்சர் ஆடினால் அது பெரிது. ஜெர்மன் முறை மவுத்பீஸுக்கானது மற்றதில் சரியாக ஏறாது.

படி 2: வகை. தொடக்கத்தில் தோல் அல்லது துணி லிகேச்சரே நல்லது என்பது என் கருத்து. வழுக்காது, கண்ணாடியில் கீறலும் விழாது. உலோகம்தான் வேண்டுமென்றால், உள் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் வேண்டாம். லிகேச்சருக்குப் பதிலாக நூல் சுற்றுவதற்கு மவுத்பீஸில் வரிப்பள்ளங்கள் வேண்டும். அவை இல்லாத கிரிஸ்டலில் நூல் நழுவும்.

படி 3: மாட்டும் முறை. முதலில் லிகேச்சரைத் தளர்வாகப் போட்டுவிட்டு, அதன் பிறகு ரீடின் தடித்த முனையை மேலிருந்து உள்ளே இறக்குங்கள். ரீடை வைத்துவிட்டு லிகேச்சரை இறக்கினால் ரீடின் மெல்லிய நுனி மாட்டிக்கொண்டு கிழியலாம். எப்படி மாட்டினாலும் மவுத்பீஸின் நுனியில் எதுவும் இடிக்கக் கூடாது. கடுகளவு சில்லு தெறித்தாலும் அந்த மவுத்பீஸ் போனதுதான். லிகேச்சர், ரீடின் சீவப்படாத பட்டைப் பகுதியின் மேல்தான் நிற்க வேண்டும்.

படி 4: இறுக்கம். இரண்டு விரலால் திருகி, தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். கீழ்த் திருகு சற்று இறுக்கமாகவும் மேல் திருகு தளர்வாகவும் இருக்கட்டும். இப்போது கட்டைவிரலால் ரீடைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். நகர்ந்தால், மேலும் இறுக்காதீர்கள். வேறு லிகேச்சர் பாருங்கள். கண்ணாடியை நெருக்கினால் விரிசல் விடலாம்.

படி 5: சோதனை. மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் மூடி, வாயால் காற்றை உறிஞ்சிவிட்டு உதட்டை எடுங்கள். ஓரிரு நொடி ஒட்டியிருந்து ‘டப்’பென்று விட்டால் ரீட் நன்றாகப் படிந்திருக்கிறது. உடனே விட்டுவிட்டால் ரீடை நேராக்கி மறுபடி பாருங்கள்.

சரி, இப்போது ஊதலாம். விரல் வைக்காத ஜி, அடி இ, ரெஜிஸ்டர் சாவியோடு (ஒலியை மேலே உயர்த்தும் சாவி) அதே விரலமைப்பில் வரும் பி, இந்த மூன்று சுரங்களையும் நீட்டி ஊதுங்கள். இரண்டு லிகேச்சர்களை ஒப்பிடும்போது ரீடை மாற்றாதீர்கள். மாற்றினால் எதனால் ஒலி மாறியது என்றே தெரியாது.