அம்மாவையும் அத்தையையும் ஆம்ஸ்டர்டாம் கூட்டிப் போவதென்றால்

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், பாரிஸில் அத்தை இருக்கிறார், இரண்டு நாள் எங்கேயாவது போய் வரலாம் என்று பேச்சு வந்தால், மொரீஷியஸ்காரர்களுக்கு நான் சொல்வது ஆம்ஸ்டர்டாம்தான். 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கி, அவர்களுடைய இளவரசர் மௌரிட்ஸின் பெயரை வைத்துவிட்டுப் போன தீவு நம்முடையது, அந்த மனுஷர்களின் ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டாமா? நம் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசாவும் வேண்டாம். பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்.

அறை பதிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது விலை இல்லை, லிஃப்ட். ஜன்னலைத் திறந்தால் கால்வாய் என்று படத்தைப் பார்த்து மயங்கி நான் பணம் கட்டிவிட்டேன், போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு ஏணி மாதிரி நிற்கிறது. அங்கே பழைய வீடுகள் எல்லாமே ஒல்லி, உள்ளே அகலமான படிக்கட்டுக்கு இடம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் உத்தரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். சாமான்களைக் கயிறு கட்டி வெளியே இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே எடுப்பார்கள், சுவரில் இடிக்காமல் இருக்க வீட்டையே கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். அத்தை முதல் மாடியிலேயே உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கொக்கியில என்னையும் கட்டித் தூக்கிடேன்டா" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் முட்டிவலிக்காரர்களோடு போகிறவர்களுக்கு இது சிரிப்பு இல்லை.

டிராமில் காசு வாங்க மாட்டார்கள். பேங்க் கார்டை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை தட்ட வேண்டும், ஒரே கார்டை மூன்று பேருக்குத் தட்டவும் முடியாது. கார்டு வைத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட்டே நிம்மதி.

முதல் நாள் காலையிலேயே படகில் ஏற்றிவிடுங்கள். ஏறுவதற்கு சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரிலேயே துறைகள் இருக்கின்றன. திறந்த சின்னப் படகு அழகுதான், ஆனால் மழையும் காற்றும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பெரியவர்களுக்குக் கண்ணாடி போட்ட படகே சரி. ஒரு மணி நேரத்தில் ஊரின் அமைப்பு மனதில் பதிந்துவிடும்: 17-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஹேரன்ஹ்ராக்ட், கெய்சர்ஸ்ஹ்ராக்ட், பிரின்சன்ஹ்ராக்ட் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து போகும். பெயரைப் பிரித்தால் பிரபுக்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த வளையம். கீழே சதுப்பு நிலம் என்பதால் ஊரே மரக்கம்பங்களின் மேல் நிற்கிறது, டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்பங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அம்மா அதைக் கேட்டதிலிருந்து மெதுவாகத்தான் நடந்தார்.

நடக்கும்போது சிவப்புத் தார் போட்ட பாதையில் கால் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். அது சைக்கிளுக்கு. மணி அடிப்பார்கள், நிறுத்த மாட்டார்கள், எங்களோடு வந்து, நின்று நின்று படம் எடுத்த சித்தப்பாக்களை நான் இழுத்து இழுத்தே களைத்துப் போனேன்.

இன்னொன்று, 'காஃபிஷாப்' என்று பலகை மாட்டிய கடையில் விற்பது கஞ்சா. அம்மா காபி கேட்டு உள்ளே போகப் பார்த்தார், நல்லவேளை வாசலிலேயே நெடி காட்டிக்கொடுத்தது. காபி வேண்டுமென்றால் 'கஃபே' என்று போட்டிருக்கும் கடை. அப்புறம், ஔடே கெர்க் பழைய தேவாலயத்தைப் பகலில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அதைச் சுற்றித்தான் சிவப்பு விளக்குத் தெருக்கள், ராத்திரி அந்தப் பக்கம் குடும்பத்தோடு நடந்தால் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது.

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், ஆறு வாரம் கழித்துள்ள நாட்களுக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் விடுவார்கள். அங்கேயும் படிகள் செங்குத்து. நாங்கள் அத்தையைக் கால்வாய் ஓரத்து பெஞ்சில் அம்மாவோடு உட்கார வைத்துவிட்டுப் போனோம், திரும்பி வரும்போது இரண்டு பேரும் போர்ட் லூயி கதை பேசிக்கொண்டு எங்களை மறந்தே போயிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், சுரினாம்காரர்கள் கடையைத் தேடுங்கள். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு அது. நம் முன்னோரைப் போலவே இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1873 முதல் சுரினாமுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள், 1975-இல் அந்த நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில் பெரும் கூட்டமாக ஹாலந்துக்கு வந்தார்கள். ஆல்பர்ட் கைப் சந்தைப் பக்கம் அவர்கள் கடைகள் நிறைய, சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. பருப்பு வைத்த ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, நீளப் பயற்றங்காய். இறைச்சி வேண்டாம் என்றால் காய் மட்டும் கேளுங்கள். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம தால்பூரிதானே, யாருடா இங்க கொண்டு வந்தது?" என்று கடைக்காரரிடமே தமிழில் கேட்டார். அவருக்குப் புரியவில்லை, இன்னொரு ரொட்டி கொண்டு வந்து வைத்தார்.