ஓசில கெடைக்கிற உலக டேட்டா: எங்க தேடணும், எங்க சறுக்குவோம்

கூகிள்ல "இந்தியா ஜிடிபி"ன்னு (ஜிடிபின்னா நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்பு) அடிச்சு மொதல்ல கண்ல படுற நம்பர தூக்கி அசைன்மென்ட்ல போடுற பழக்கத்த விடுங்க மக்களே, அந்த நம்பர் எங்க பொறந்துச்சோ அந்த எடத்துக்கே போய் எடுக்கலாம், பைசா செலவில்ல.

பொருளாதாரம், மக்கள்தொகை, படிப்புன்னா உலக வங்கியோட ஓப்பன் டேட்டா. 2010ல எல்லாருக்கும் இலவசமா தொறந்து விட்டாங்க. நாட்டு பேரும் இண்டிகேட்டரும் (எந்த விஷயத்தோட கணக்கு வேணுமோ அது) அடிச்சா கிராஃப் வரும், பக்கத்துலயே எக்செல், சிஎஸ்வி டவுன்லோட் இருக்கும். ஆனா ஜிடிபின்னு அடிச்சா ஒண்ணு வராது, ஒரு கூட்டமே வரும். கரன்ட் டாலர்னா அந்தந்த வருஷத்து வெலை, கான்ஸ்டன்ட்னா வெலைவாசி ஏத்தத்த கழிச்சது, பல வருஷத்த ஒப்பிட்டு வளர்ச்சி பாக்க இதான் வேணும், பிபிபின்னா அதே காசுக்கு அந்தந்த ஊர்ல எவ்ளோ பொருள் வாங்கலாம்னு சேத்து போட்ட கணக்கு. இந்தியா உலகத்துலயே மூணாவதுன்னு ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் சண்டைக்கு வர்றாரே, அது இதனாலதான், மூணாவதா வர்றது பிபிபில.

எந்த நாடு யாருக்கு என்ன வித்துச்சுன்னு பாக்க ஐநாவோட காம்ட்ரேட். இங்க பொருள் பேர விட எச்எஸ் கோட்ல (ஒவ்வொரு பொருளுக்கும் உலகம் முழுக்க இருக்குற பொது நம்பர்) தேடுறதுதான் பெஸ்ட், டீக்கு 0902. கென்யா டீய பாகிஸ்தான் நெறைய வாங்குது இல்லையா, கென்யா ஏத்துமதின்னு சொல்ற தொகையையும் பாகிஸ்தான் எறக்குமதின்னு சொல்ற தொகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒத்துப்போகும்னு எதிர்பாக்காதீங்க. யாரும் பொய் சொல்றாங்கன்னு அர்த்தமில்ல, எறக்குமதி கணக்குல பொதுவா கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேந்துரும், ஏத்துமதில சேராது.

ஆயுத விஷயத்துக்கு ஸ்டாக்ஹோம்ல இருக்குற சிப்ரிங்கற அமைதி ஆராய்ச்சி நிறுவனம், எந்த நாடு யாருக்கு ஆயுதம் குடுத்துச்சுங்கற கணக்கு அவங்க சைட்ல 1950லருந்தே இருக்கு. அதுல வர்ற டிஐவிங்கறது டாலர் இல்லங்க! ஆயுதத்தோட பலத்த வச்சு அவங்களா போட்ட அளவு, குடுத்த வெலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நானே ஒரு தடவ மில்லியன் டாலர்னு எழுதி அசிங்கப்பட்டேன். ராணுவ செலவு வேணும்னா அதே சைட்ல அது தனி டேட்டாபேஸ், அங்கதான் டாலர்.

ஐநால யாரு எப்படி ஓட்டு போட்டாங்கன்னா ஐநா டிஜிட்டல் லைப்ரரில ஓட்டிங் டேட்டான்னு ஒரு பிரிவு இருக்கு. 2022 மார்ச் 2ல ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தத கண்டிச்ச ஐநா பொதுச்சபை தீர்மானம், ஆதரவு 141, எதிர்ப்பு 5, ஓட்டு போடாம ஒதுங்குனது 35, அந்த 35ல இந்தியா, இலங்கை, சீனான்னு நாடு நாடா பாக்கலாம். செய்திய நம்பி எழுதுறத விட இது எவ்வளவோ மேல்.

"அவர் வேர்ல்ட் இன் டேட்டா"ங்கற (Our World in Data) சைட் கிராஃபுக்கு அருமை, ஆனா முக்காவாசி மத்தவங்க டேட்டா, கீழ சோர்ஸ் பாத்து மூலத்துக்கே போயிருங்க.

டவுன்லோட் பண்ண ஃபைல் பேர்லயே தேதிய போட்டு வைங்க. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) அவங்க பெரிய டேட்டாபேஸ ஏப்ரல், அக்டோபர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ புதுப்பிப்பாங்க, அப்போ பழைய வருஷத்து நம்பர் கூட மாறும், தேதி இருந்தா நம்பர் ஏன் ஒத்துப்போகலன்னு உங்க கைடு கேக்கும்போது முழிக்க வேணாம்.