சிமுலேட்டரில் தொடுவானம் வளைந்தபோது – என் அனுபவம்

எங்கள் விமானிப் பயிற்சி மையத்தின் ஏ320 விமானச் சிமுலேட்டரில் இடது ஓரத்தில் தொடுவானம் வளைந்து தெரிவதாக விமானிகள் சொன்னதும், பராமரிப்பைக் கவனிக்கும் நான் முதலில் புரொஜெக்டர்களைச் சோதித்தேன். அவற்றில் குறை இல்லை. காட்சியைத் தொலைவில் இருப்பதுபோல் காட்டும் பெரிய குழியாடி கண்ணாடியால் ஆனதன்று. அலுமினியம் பூசிய மெல்லிய மைலார் என்னும் பிளாஸ்டிக் தாளை, அதன் பின்னுள்ள மூடிய அறையின் காற்றை உறிஞ்சித்தான் வளைவாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த அறையின் விளிம்பில் ஒட்டியிருந்த நாடா இரண்டு விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. மெல்லிய காகிதத் துண்டை அருகில் காட்டியதும் அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. தாளின் முகத்தில் கைபடாமல் பழைய பசையைத் துடைத்துப் புதிய நாடா ஒட்டி, உறிஞ்சழுத்தத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்ததும் காட்சியைச் சரிபார்க்கக் காட்டும் சோதனைக் கட்டங்களின் கோடுகள் நேராயின. தரையிறங்கும் கடைசி நொடிகளில் விமானி உயரத்தை ஓரக்கண்ணாலும் கணிக்கிறார் என்பதால், இந்தச் சிறு வளைவைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.